பல்லாவரத்தில் அப்பா, ஊரப்பாக்கத்தில் அம்மா

யார் செத்தாலும் அன்றைக்கே என்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று என் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். "அம்மாவுக்கு பிரஷர் இருக்கு, தாங்க மாட்டாங்க" என்று எவனாவது வாசல் பக்கம் நின்று குசுகுசுத்தால் அங்கேயே வைத்து நாலு கேட்பேன். தாங்குவேனா மாட்டேனா என்பது என் பாடு. "அத்தைக்கு எப்பப் பாரு சாவுப் பேச்சுதான்" என்று மருமகள் அலுத்துக்கொள்கிறாள். அலுத்துக்கொள்ளட்டும். எங்கள் அப்பாவுக்கு நாங்கள் செய்ததை அவள் பார்க்கவில்லை.

அப்பா தாம்பரத்தில் ரயில்வே ஸ்டோர் கிளார்க். அண்ணன்கள் இரண்டு பேர், நான் ஒருத்தி, மூன்று பேரும் பிறந்து வளர்ந்தது ரயில்வே குவார்ட்டர்ஸில். முப்பது வருஷம் இருந்த வீடு, சொந்த வீடு மாதிரியே ஆகிவிட்டது. கொல்லையில் அம்மா வைத்த முருங்கை மரம்கூட எங்களுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். அறுபதுகளின் நடுவில் அப்பா ரிட்டையரானதும் காலி செய்யச் சொல்லிக் காகிதம் வந்தது. அப்போதுதான், நமக்கென்று ஒரு ஓலைக் குடிசைகூட இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது.

பெரியண்ணன் பல்லாவரத்தில் இருந்தார், பட்டணத்தில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். சின்னண்ணனும் அவர் மனைவியும் வாத்தியார் வேலை, ஊரப்பாக்கத்தில் ஜாகை. நான் குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், கட்டிக்கொடுத்தது மேற்குத் தாம்பரத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் அண்ணன்கள் உட்கார்ந்து பேசி முடிவு செய்தார்கள்: அப்பா பெரியவர் வீட்டில், அம்மா சின்னவர் வீட்டில். அண்டா குண்டான்களையும் அன்றைக்கே பிரித்துக்கொண்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணை அதற்கெல்லாம் கூப்பிடுகிற வழக்கம் கிடையாது.

இதில் ஊர் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த நாளில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு நடந்ததுதான். ஆளுக்கு ஒருத்தர் என்று பிரித்துக்கொள்வார்கள், யார் மேலும் பாரம் விழுந்த மாதிரி இருக்காது. சின்னண்ணன் வீட்டில் அடுத்தடுத்துப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் அம்மா அங்கே போனாள். அப்பாவுக்கு பென்ஷன் வந்தது. அதனால் அவரை வைத்துக்கொள்வதில் பெரிய அண்ணிக்கும் ஆட்சேபம் இல்லை. இந்த வயசுக்கு மேல் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்து என்ன ஆகப்போகிறது என்று ஒருத்தரும் வாய்விட்டுக் கேட்கவில்லை, ஆனால் அதுதான் எண்ணம்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? இரண்டு அறை போர்ஷன், அதில் ஒன்று என் மாமியாருக்கு. "பொண்ணு வீட்டுல போய் உக்காந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" என்று அப்பாவே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்கு ரொம்ப வருத்தம் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறேழு வருஷம் அவர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான் பார்த்துக்கொண்டார்கள், தாம்பரத்தில் எங்கள் கோயிலில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில். அப்பா பல்லாவரத்திலிருந்து ரயிலில் வருவார், அம்மா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸில் வருவாள். ஆண்கள் வலது பக்கம், பெண்கள் இடது பக்கம். ஆராதனை முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் பத்து நிமிஷம், கால் மணி நேரம். அதற்குள் சின்னண்ணன் "பஸ்ஸு போயிடும்மா" என்று பறப்பார். அந்தப் பத்து நிமிஷத்தில் அம்மா என்ன செய்வாள் தெரியுமா? முந்தானையில் முடிந்து கொண்டுவந்த பாதி பிளேடை எடுத்து அப்பாவுக்கு நகம் வெட்டிவிடுவாள். சபையார் எல்லாம் சிரித்துக்கொண்டு போவார்கள். "ஆட்டாதீங்க கைய, சின்னப் புள்ள கெட்டுது" என்று அம்மா அதட்டுவாள். அப்பா வேண்டுமென்றே ஆட்டுவார்.

அப்புறம் அப்பா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் காலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு வாரக்கணக்கில் போட்டிருந்தார்கள். இனி நடமாட்டம் கஷ்டம், இதயமும் பலவீனமாக இருக்கிறது, அதிர்ச்சி எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எல்லா வயசாளிகளுக்கும் சொல்கிற பேச்சு அது. எங்கள் வீட்டில் அதைக் கல்லில் வெட்டி வைத்துக்கொண்டார்கள்.

பல்லாவரம் வீட்டில் சமையலறையை ஒட்டி ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட சாய்ப்பு ஒன்று இருந்தது, விறகு அடுக்குகிற இடம். விறகை ஒதுக்கிக் கட்டிலைப் போட்டார்கள். வெயில் காலத்தில் அதற்குள் மனுஷன் இருக்க முடியாது. மலைப்பக்கம் பாறைக்கு வேட்டு வைத்தால் ஷீட் கடகடவென்று ஆடும், தூசி அப்பாவின் முகத்தில் விழும். எந்நேரமும் பினாயில் வாசனையும் மூத்திர வாசனையும். முதுகில் புண் வந்துவிட்டது. அண்ணியைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை, அவளுக்கும் மூன்று பிள்ளைகள், உப்புத் தண்ணீர்க் கிணறு, குழாய்த் தண்ணீருக்குத் தெருக்கோடி. அப்பாவைத் துடைத்து விடுவதற்குக் காலையில் ஒரு மணி நேரம் ஓர் ஆயாம்மா வந்து போனாள்.

ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை அம்மா வருவாள். தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நான் காத்திருந்து அவளை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போவேன். அந்தச் சனிக்கிழமைகளில் அப்பா விடிந்ததிலிருந்து ஆயாம்மாவைப் படுத்தி எடுத்துவிடுவாராம். சவரம் ஆகியிருக்க வேண்டும், பவுடர் போட வேண்டும், துவைத்த சட்டை வேண்டும். "பெருசு மாப்ள கணக்கா ரெடியாயினு கீதுமா" என்பாள் ஆயாம்மா. அம்மா வந்ததும் முதல் வேலையாக ஜன்னலைத் திறப்பாள், பிளேடை எடுப்பாள். இரண்டு பேரும் பெரிதாக ஒன்றும் பேசமாட்டார்கள். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். வெளிக்குப் போச்சா, போச்சு. இதுதான் பேச்சு. ஆனால் அவள் கிளம்பும்போது அப்பா, "இன்னும் ரெண்டு சனிக்கிழமைதான்" என்று சொல்லாமல் விடமாட்டார்.

மழைக்காலம் ஆரம்பிக்கிற சமயத்தில் அம்மா செத்துப்போனாள். ஊரப்பாக்கத்தில், காலையில், கிணற்றடியில் கடைக்குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தவள் நெஞ்சை என்னவோ பண்ணுது என்று உட்கார்ந்தாளாம். சின்னண்ணன் வண்டி பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அறுபத்திரண்டு வயசில் தினமும் முப்பது குடம் தண்ணீர் இறைத்தவள்.

அடக்கத்துக்கு முன்னாலேயே பெரியண்ணன் எங்களை ஓரமாகக் கூப்பிட்டார். "அப்பாவுக்கு இப்ப சொல்ல வேணாம். டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்கில்ல? கொஞ்ச நாள் போகட்டும்" என்றார். சின்னண்ணன் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். அம்மாவைத் தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்து, அண்ணி என் வீட்டிலேயே வெள்ளைப் புடவையை அவிழ்த்துவிட்டுக் கலர் புடவை கட்டிக்கொண்டு பல்லாவரம் போனாள். கண் வீங்கியிருக்கிறதே என்று அப்பா கேட்டதற்கு, கண்வலி என்றாளாம்.

ஒரு பொய்யோடு முடியவில்லை. சபையின் மாதப் பத்திரிகை வந்தது, அதில் நித்திரையடைந்தவர்கள் பட்டியலில் அம்மா பேர். அப்பா பூதக்கண்ணாடி வைத்து அட்டை முதல் அட்டை வரை படிக்கிறவர். அச்சகத்தில் தகராறு, பத்திரிகை வரவில்லை என்றார் அண்ணன். படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு மாதம் ஒருமுறை போதகர் வீட்டுக்கே வந்து அப்பமும் திராட்சரசமுமாகத் திருவிருந்து கொடுப்பார். பொய் சொல்ல என்னால் முடியாது என்று போதகர் சொல்லிவிட்டார். அப்படியானால் இப்போதைக்கு வர வேண்டாம் ஐயா என்று அண்ணன் கும்பிட்டுவிட்டு வந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர் எப்போதாவது எட்டிப் பார்ப்பார்கள், அவர்களையும் கேட்டிலேயே திருப்பி அனுப்பினோம். துக்கம் விசாரித்துவிடுவார்களே! ஆக, அப்பாவைப் பார்க்க வந்துகொண்டிருந்த மூன்று ஜீவனையும் ஒரே மாசத்தில் நிறுத்திவிட்டோம். திருவிருந்துகூட இல்லாமல் ஒரு கிழவரைச் சாய்ப்பில் கிடத்தி வைத்திருந்தோம், எதற்கு, அவருடைய மனசு நோகக்கூடாது என்பதற்கு.

ஆயாம்மாவை மட்டும் நிறுத்த முடியவில்லை. வேறு யார் அந்த வேலையைச் செய்வார்கள்? அவள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் என்னைக் கிணற்றடியில் மடக்கினாள். "இன்னாமா நீங்கல்லாம் படிச்சவங்க. பொண்டாட்டி செத்துப் பூட்டாள்னு புருசன்கிட்ட சொல்ல மாட்டீங்களா? அது இன்னா நாயம்? எங்க பக்கமா இருந்தா கட்டிலோட தூக்கினு போயி மொகத்தைக் காட்டியிருப்போம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "உன் வேலையைப் பாரு" என்றேன். எனக்குக் கோபம் வருவதெல்லாம் உண்மை பேசுகிறவர்கள் மேல்தான் வரும்.

அம்மாவுக்குக் காலில் வீக்கம், பஸ் ஏற முடியவில்லை. இதுதான் நாங்கள் பேசி வைத்துக்கொண்டது. "அப்ப ஒரு காரை வைங்கடா, என்னத் தூக்கிப் போட்டுகினு போங்க" என்றார் அப்பா. மழை, ரோடெல்லாம் தண்ணி என்றோம். அடுத்த சனிக்கிழமையும் கேட்டார். அதற்கடுத்த சனிக்கிழமையும். நகம் நீளமாக வளர்ந்திருந்தது, நான் வெட்டிவிடப் போனால் கையை இழுத்துக்கொண்டார். "உங்கம்மா வரட்டும்."

டிசம்பர் தொடக்கத்தில், "சரி, வர முடியல. ஒரு லெட்டராவது போடலாமில்ல? எழுதத் தெரியாதவளா அவ?" என்றார். அம்மா அஞ்சாவது படித்தவள். எழுத்தை அவளிடம் கற்றுக்கொண்டவள் நான், என் கையெழுத்தும் அவளுடையதும் ஒன்று போலவே இருக்கும். அண்ணி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது.

பள்ளிக்கூடத்தில் மத்தியான இடைவேளையில் உட்கார்ந்து எழுதினேன். அம்மாவைப் போல எழுத வேண்டும், ஆனால் அம்மா என்று நினைத்தாலே கண்ணீர் வந்து காகிதத்தில் விழுகிறது. மூன்று தாளைக் கிழித்தேன். பெல் அடித்துவிட்டது. கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: நான் சுகமாயிருக்கிறேன். கால் வீக்கம் குறைந்து வருகிறது. வேளைக்கு மாத்திரை சாப்பிடவும். ஆண்டவர் துணையிருப்பார்.

அப்பா பூதக்கண்ணாடியை வைத்துப் படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் படித்தார்.

"அவ்ளோதானா?" என்று கேட்டார்.

"கால் வலியில எழுதினாங்கப்பா" என்றேன். காலால் எழுதினார்களா என்று அவர் கேட்டிருக்கலாம். பழைய அப்பாவாக இருந்தால் கேட்டிருப்பார். மடித்துத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கிறிஸ்துமஸுக்கு எப்படியும் வந்துவிடுவாள் என்று இருந்தார். புதுச் சட்டை போட்டு, முதுகுக்குத் தலையணை கொடுத்து, காலையிலிருந்து கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புண்ணோடு உட்கார முடியாது, ஆனாலும் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். பதினோரு மணிக்கு நான் என் புருஷனோடும் பிள்ளைகளோடும் போய் இறங்கினேன். எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "சின்னண்ணன் பசங்களுக்கு அம்மை போட்டிருக்குப்பா. அம்மா விட்டுட்டு வர முடியல" என்றேன். வழியெல்லாம் ரயிலில் யோசித்து வைத்திருந்த பொய். அப்பா, "ஓகோ" என்றார். கேக்கை வாயில் வைத்தேன், மென்றார்.

அதற்கப்புறம் அவர் அம்மாவைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூச்! எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? "வயசாச்சில்ல, மறந்துட்டு வர்றார். இதுவும் ஒரு விதத்துல ஆண்டவர் கிருபைதான்" என்றாள் அண்ணி. பெரியண்ணன் அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்துப் பேசினார். நானும்தான். கடவுளே, நானும்தான்.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள், மத்தியானமே போய்விட்டேன். அண்ணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பால் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன்.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லு" என்றார்.

தெரிந்துவிட்டது, யாரோ சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"உங்கம்மாவுக்கு எம்மேல இருக்கற கோவம் இன்னும் போகலையா?"

"என்ன கோவம்பா?"

அப்போதுதான் சொன்னார். குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முந்தின வாரம் அம்மா அவரிடம் கெஞ்சினாளாம். நாம பிரிய வேண்டாம், தாம்பரத்திலேயே ஒரு ரூம் பிடிச்சு இருந்துக்கலாம், உங்க பென்ஷன் நமக்குப் போதும், நான் பொங்கிப் போடறேன் என்றாளாம். "நான்தான் கேக்கல. பெத்த புள்ளைங்க ரெண்டு பேர் இருக்கும்போது தனியா ஒண்டுக் குடித்தனம் இருந்தா மானம் போயிடும்னு சொன்னேன். அண்ணனுங்க வந்து கேட்டப்ப, சரி அப்படியே செய்ங்கடான்னுட்டேன். அவ அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல. இத்தினி வருசம் மனசுல வெச்சிருந்து இப்ப காட்டறா" என்றார்.

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லப்பா. அம்மாவுக்கு உங்க மேல கோவமே கிடையாதுப்பா" என்று கையைப் பிடித்தேன்.

"நீ சமாதானம் சொல்ற. நாலு மாசமா அதான் சொல்லிகினு வர. கால் வீக்கம் நாலு மாசமா? அம்மை போட்ட புள்ளைங்களைப் பாத்துக்க மருமக இல்ல? லெட்டர்ல 'எப்படி இருக்கீங்க'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்காளா பாரு." தலையணைக்கடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார். மடிப்பெல்லாம் நைந்து போயிருந்தது. "கோவம் இல்லன்னா தவழ்ந்தாவது வந்திருப்பா. எனக்குத் தெரியாதா அவள? நான் கெடக்கேன்னு தெரிஞ்சும் வரலன்னா, வேணாம்னு விட்டுட்டான்னு அர்த்தம்." அழுதார். எங்கள் அப்பா அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

அம்மா வராததற்கு ஒரே ஒரு காரணம்தான் அவரை ஆற்றியிருக்கும். அது என் தொண்டை வரைக்கும் வந்தது. அம்மா செத்துப்போயிட்டாங்கப்பா, உயிரோட இருந்திருந்தா ஓடி வந்திருப்பாங்கப்பா. இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். அவருடைய இதயத்துக்குப் பயந்தா மூடிக்கொண்டேன்? பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எனக்காகத்தான் பயந்தேன். அப்புறம் இந்த லெட்டரை யார் எழுதினது என்று கேட்பாரே. நாலு மாசமாக என் முகத்தைப் பார்த்துச் சொன்னியே பாப்பா என்று கேட்பாரே. அதை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

"நான் அடுத்த வாரம் ஊரப்பாக்கம் போயி அம்மாகிட்டயே கேட்டுட்டு வரேம்பா" என்றேன்.

"கேளு. தப்புதான்னு நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

கேட்டருகில் பெரியண்ணன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "அண்ணா, சொல்லிடலாம்ணா. அவர் படற பாடு பாக்க முடியல" என்று அழுதேன். அண்ணன் யோசித்தார். கெட்டவர் இல்லை அவர், பயந்த மனுஷர். "சொல்லி, அந்த அதிர்ச்சியில ஏதாவது ஆச்சுன்னா? நீதான் கொன்னேன்னு காலத்துக்கும் உன் தலையில நிக்கும். பாத்துக்க" என்றார். அப்போதும் திரும்பி உள்ளே போயிருக்கலாம். ஆறு எட்டு தூரம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். வீட்டுக்கு வந்து, வருகிற சனிக்கிழமை யார் தடுத்தாலும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, என் புருஷனிடமும் சொன்னேன்.

புதன்கிழமை காலையில் பள்ளிக்கூடத்துக்கு போன் வந்தது. நான் போனபோது ஆயாம்மா அப்பாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தாள். இரண்டு நாளாகக் கஞ்சி இறங்கவில்லையாம், திரும்பிப் படுக்கச் சொன்னாலும் படுக்கவில்லையாம். "செவுத்தையே பாத்துகினு இருந்திச்சுமா. ஒரு வார்த்த பேசல" என்றாள். என்னை அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி தோண்டியிருந்தார்கள். அவள் மேட்டில் மண் இன்னும் இறுகியிருக்கவில்லை. சபையார் எல்லாரும் வந்திருந்தார்கள், நாலு மாசம் நாங்கள் உள்ளே விடாத அத்தனை பேரும். ஆளாளுக்கு ஒன்றைத்தான் சொன்னார்கள்: கொடுத்து வைத்த மனுஷன், சம்சாரம் போனது தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி, ஆமாம் ஆமாம் என்று மூக்கைச் சிந்தினாள். ஜெபம் முடிந்து எல்லாரும் ஒரு பிடி மண் போட்ட பிறகு பெரியண்ணன் என் தோளில் கை வைத்தார்.

"பாத்தியா? சொல்லாம இருந்தது எவ்ளோ நல்லதாப் போச்சு. ஒரு துக்கமும் இல்லாம நிம்மதியாப் போயிட்டார்" என்றார்.

நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவள் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டாள் என்று நம்பிக்கொண்டு அவர் செத்தார். அந்தக் கூட்டத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

"ஆமாண்ணா" என்றேன்.